நாற்பத்தெட்டாவது சுற்று

ஜூன் 3, திங்கள்

கோயமுத்தூர்க்காரிக்குச் சிரிக்கச் சொல்லித்தர மெட்ராஸிலிருந்து ஆள் வந்திருக்கிறது. இந்த அக்கிரமத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

காலை எட்டேகாலுக்குப் பம்பு கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தால், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் ஷெட்டுக்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்திருந்தார்கள். நடுவில் மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட பயிற்சியாளர் ஒருவர். பக்கத்தில் எங்கள் புது எச்.ஆர். மேனேஜர் நிரஞ்சன். கையைத் தட்டிக்கொண்டு எல்லோரும் "ஹோ ஹோ, ஹா ஹா ஹா" என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் தானாகச் சிரிப்பு வந்துவிடுமாம். சிரிப்பு வந்தால் உற்பத்தி கூடுமாம். என் ஷெட்டுப் பழனாத்தாளுக்கு ஐம்பத்தாறு வயது, குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு வலி. அவளும் கையைத் தூக்கி ஹோ ஹோ என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குங் சார் சிரிக்கோணும்? யாராச்சும் வுழுந்துட்டாங்களா?" என்று வஞ்சிக்கொடி கேட்டாள். அப்போதுதான் எல்லோரும் நிஜமாகவே சிரித்தார்கள். மஞ்சள் சட்டைக்காரர் தன்னால்தான் சிரித்தார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.

முடிந்ததும் சூப்பர்வைசர்களுக்கு மட்டும் இந்த நோட்டைக் கொடுத்தார்கள். அட்டையில் சூரியகாந்திப் பூ, மேலே 'மகிழ்ச்சிக் குறிப்பேடு' என்று கொட்டை எழுத்து. தினமும் வேலையில் சந்தோஷப்பட்ட மூன்று விஷயங்களை எழுதி, ஜூலை ஒன்றாம் தேதி எச்.ஆரிடம் திருப்பித் தர வேண்டும். எழுதுகிறேன், எனக்கென்ன. வாயில் வருவதையெல்லாம் எழுதுகிறேன். கொடுக்கும்போது பக்கத்தைக் கிழித்துவிட்டு அட்டையை மட்டும் கொடுத்தால் போகிறது.

இன்றைய சந்தோஷம் மூன்று: ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ரசம் பரவாயில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. குடம், டிரம், அண்டா எல்லாம் பிடித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பதினைந்து நிமிஷம் லேட். சிரிப்புப் பயிற்சி தப்பியது.

ஜூன் 5, புதன்

நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். ஆலோசனைப் பெட்டியில் வந்த பெயரில்லாத புகார் ஒன்றின் பேரில், இனி வேலை நேரத்தில் கேலிப் பெயர்கள், கூச்சல், சத்தம் போட்டு எண்ணுவது எல்லாம் தடை. மீறினால் நடவடிக்கை. ஆக, சிரிக்க வேண்டிய நேரம் காலை எட்டேகால் முதல் எட்டரை வரை. அப்புறம் வெள்ளிக்கிழமை விளையாட்டு என்று மூன்று மணி முதல் நாலு மணி வரை. மற்ற நேரம் உர்ரென்று இருக்கலாம்.

சத்தம் போட்டு எண்ணுவது என்றால் என்னவென்று இந்த நோட்டைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஏசி ரூமில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்டேட்டர் என்பது மோட்டாரின் இரும்பு உருளை. உள்ளே வரிசையாகக் குழிகள். போர்வெல் மோட்டாருக்கு அந்தக் குழிகளில் கம்பியைக் கையால்தான் கோக்க வேண்டும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இவள் தள்ள, அவள் இழுத்துத் திருப்பித் தள்ள, ஒரு காயிலுக்கு, அதாவது ஒரு கம்பிச் சுருளுக்கு, நாற்பத்தெட்டு சுற்று, அப்புறம் நூலால் கட்டு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் சூடாகிக் கருகும். அதனால் இவள் ஒரு எண்ணைச் சொல்ல, எதிரே இருப்பவள் அடுத்ததைச் சொல்வாள். நாள் முழுக்க எண்ணினால் எண் மறந்து போகும். வம்பு மட்டும் மறக்காது. எனவே எண்ணுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று 'புள்ளையாரு'. இருபத்திநாலு 'டீ', பாதி வழி. முப்பத்தொன்று 'மாசக்கடைசி'. நாற்பது 'கண்ணாடி', நாற்பது வயதானால் போட வேண்டும் என்பதால். நாற்பத்தேழு 'பெருமூச்சு'. இதில் முக்கால்வாசி வஞ்சிக்கொடி வைத்த பெயர்கள். பதினெட்டு யாரென்று இங்கே எழுத மாட்டேன், என் பிழைப்பு போய்விடும். நாற்பத்தெட்டு என்னவென்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

சுற்றறிக்கையில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. புகார் எழுதியது யாராக இருந்தாலும் காரணமில்லாமல் எழுதியிருக்க மாட்டார்கள். "நல்ல தமிழ் மேடம், பச்சை இங்க்ல அழகா எழுதியிருக்காங்க, யாரோ நல்லாப் படிச்சவங்க" என்றார் நிரஞ்சன். எங்கள் கம்பெனியில் படித்தவர்களுக்கா பஞ்சம்?

நாளைக்கு ஒரு நீலப் பேனா வாங்க வேண்டும். இந்தப் பச்சை கண்ணை உறுத்துகிறது.

ஜூன் 7, வெள்ளி

முதல் 'குஷி வெள்ளி'. கேன்டீனில் நாற்காலியை வட்டமாகப் போட்டுப் பாட்டு வைத்து ஓட விட்டார்கள். காலையிலிருந்து கம்பி இழுத்து விரல் எரிகிற பெண்கள், உட்கார இடம் பிடிக்க ஓடினார்கள். உட்கார வைக்க வேண்டுமென்றால் சும்மாவே உட்கார வைக்கலாமே!

பிறகு நிரஞ்சன் மைக்கைப் பிடித்து, "வஞ்சிக்கொடி எங்க? நீங்கதான் செம காமெடின்னு சொன்னாங்க. வாங்க, ஒரு ஜோக் சொல்லுங்க" என்றார்.

வஞ்சி எழுந்து நின்றாள். முப்பத்துநாலு வயது, ஆறு வருஷமாக இங்கே கான்ட்ராக்ட். அவள் வாயை மூடி நான் பார்த்ததே இல்லை. "ஜோக்கெல்லாம் தெரியாதுங் சார். வேலை செய்யறப்பத் தானா வாரதுங். நிறுத்தச் சொல்லீட்டீங். இப்ப வர மாட்டீங்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 10, திங்கள்

ஷெட் அமைதியாக இருக்கிறது. மின்விசிறிச் சத்தம் கேட்கிறது. ஆறு பெஞ்சு, பன்னிரண்டு பெண்கள், உதடு மட்டும் அசைகிறது. கிட்டே போனால் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு கையைக் காட்டி நில்லுங்கள் என்கிறார்கள். எண்ணிக்கை தப்பிவிடுமாம்.

டெஸ்டிங்கிலிருந்து மூன்று ஸ்டேட்டர் தேறாமல் திரும்பி வந்தது. வழக்கமாக வாரத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். திங்கட்கிழமை மந்தம்தான் காரணம்.

ஜூன் 11, செவ்வாய்

இன்று ஐந்து. செவ்வாய்க்கிழமைக்கும் மந்தமா?

வீட்டுக்கு வந்து மாவாட்டினேன். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் மில்லில் இருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து என் முகத்தைப் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. "என்ன, இன்னைக்குச் சிரிப்பு ஸ்டாக் இல்லையா?" என்றார். கரண்டியை எறிந்தேன். படவில்லை.

சரி, நாற்பத்தெட்டை எழுதியே விடுகிறேன். மே மாதம் ஒரு நாள் கம்பி ரேக்குக்குப் பின்னால் நின்று ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பழனாத்தாள் நாற்பத்தெட்டைச் சொல்ல வேண்டிய முறை. "கருணாக்கா!" என்றாள். எதிரே இருந்த வஞ்சி புருவத்தை முடிச்சுப் போட்டு, கன்னத்தை உப்பி, இடுப்பில் கை வைத்து என்னைப் போலவே முறைத்தாள். ஆறு பெஞ்சும் விழுந்து விழுந்து சிரித்தது. கருணாம்பிகை என்று அவிநாசி அம்மன் பெயரை எனக்கு வைத்தார்கள். அதை இவர்கள் கடைசிச் சுற்றுக்கு வைத்துச் சிரிக்கிறார்கள்.

இதே பெஞ்சில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து விரல் ரேகை அழிந்தவள் நான். ஆதார் எடுக்கப் போனபோது மெஷினே என்னை ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தா இவர்களுக்குச் சிரிப்பு? அன்றைக்கு ரேக்குக்குப் பின்னாலேயே நின்று அழுதேன். ஆமாம், அழுதேன்.

அதற்காக நான் யாரையும் எதுவும் செய்யவில்லை. மனசோடு வைத்துக்கொண்டேன்.

ஜூன் 13, வியாழன்

பதினொன்று! ஒரே நாளில் பதினொரு ரிஜெக்ட்! ஒவ்வொன்றிலும் கோத்த கம்பியை எல்லாம் உருவி எறிந்துவிட்டு முதலிலிருந்து கோக்க வேண்டும். இரண்டு பேரின் உழைப்பு அத்தனையும் குப்பை. டெஸ்டிங் சின்னராசு தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "என்னக்கா, எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு சுத்து கூடக் கொறையா இருக்குது. உங்க ஷெட்டுல கணக்கு வாத்தியாரு செத்துப் போயிட்டாரா?" என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

பதினொன்றில் ஐந்து, வஞ்சியும் பழனாத்தாளும் உட்காருகிற பெஞ்சு. பழனாத்தாளுக்கு இந்த வயதில் வாய்விட்டுச் சொன்னால்தான் எண்ணிக்கை நிற்கும். அது எனக்குத் தெரியும்.

ஜூன் 14, வெள்ளி

தொப்பி நாள். என் தலையில் வாத்து. 'சிரிப்பு நட்சத்திரம்' விருது பிளான்ட் மேனேஜர் தண்டபாணி சாருக்கு. அவர் சிரித்து நான் பார்த்தது அவருடைய கல்யாண போட்டோவில்கூட இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

தண்டபாணி சார் ரூமுக்குக் கூப்பிட்டார். ஏசி குளிரில் அவர் தலை பளபளத்தது. ஒரு வாரத்தில் முப்பத்திரண்டு ரிஜெக்ட், எனக்கு ஒரு பேர் வேணும் என்றார்.

"சார், எண்ணறதை நிறுத்தினதுல இருந்துதான்..." என்று ஆரம்பித்தேன்.

"கருணாம்பிகை, ஹெட் ஆபீஸ்ல இந்தக் குஷி புரோகிராமுக்கு எவ்வளவு பேர் மெனக்கெட்டிருக்காங்க தெரியுமா? அதனால ரிஜெக்ட் ஆச்சுன்னு நான் எழுதி அனுப்பட்டுமா? எந்த பெஞ்சுல அதிகம், அதை மட்டும் சொல்லுங்க."

வஞ்சி பெயர் ஜூலை ஒன்றாம் தேதி பெர்மனன்ட் ஆகிற பட்டியலில் இருக்கிறது. ஆறு வருஷம் காத்திருந்தாள். எதிரே உட்காருகிற பழனாத்தாள் ஏற்கெனவே பெர்மனன்ட், அவளைத் தொட முடியாது. கான்ட்ராக்ட்காரியின் கழுத்துதான் இவர்களுக்குக் கைக்கு எட்டும்.

நாளைக்குள் ரிப்போர்ட் தர வேண்டும்.

ஜூன் 19, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லை. எந்த பெஞ்சு என்று கேட்டார்கள், அந்த பெஞ்சை எழுதினேன். கேட்காததை எழுத அதில் இடம் இல்லை.

கத்தரிக்காய் முழுக்கப் புழு. கடைக்காரனோடு சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 20, வியாழன்

வஞ்சிக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும், ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம். இது என்ன நியாயம்! விளக்கம் கேட்பதற்கு முன்னாலேயே தீர்ப்பா? அதைக் கொடுத்தபோது நிரஞ்சன் மஞ்சள் நிறச் சிரிப்பு பேட்ஜ் குத்தியிருந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் குழாயடியில் அவள் என்னை மறித்துக்கொண்டாள்.

"அக்கா, அஞ்சு ஸ்டேட்டர் எங்க பெஞ்சுன்னு எழுதுனீங். சரிங். ஏன் தப்பாச்சுன்னு எழுதுனீங்களா?"

"கேட்டதுக்குத்தான் எழுத முடியும்."

"ஆறு வருசங்க்கா. என்ற புள்ளைகிட்ட ஒண்ணாந்தேதி லட்டு வாங்கியாறேன்னு சொல்லியிருந்தேன்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "என் பேரைச் சொல்லி, என்னை மாதிரி மூஞ்சிய வெச்சு ஆறு பெஞ்சும் சிரிக்கலையா? அப்ப எங்கே போச்சு இந்த அக்கா?" என்று கத்திவிட்டேன்.

அவள் நனைந்த கையை உதறினாள். "நாப்பத்தெட்டுங்களா? ஆமாங்க்கா, கிண்டல்தான். இல்லீன்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைசிச் சுத்து தப்புச்சுன்னா மோட்டாரே போச்சுங். தப்பவே கூடாத எடத்துல யாரு பேரை வெக்கறது? நீங்க மொறைக்கறத நெனச்சாலே கை தானா நின்னுக்குமுங். ஆறு வருசத்துல நாங்க நாப்பத்தொம்பது போனதே இல்லீங்க்கா." பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அதைப் போயிப் பெட்டியில எழுதிப் போட்டவங்க யாருன்னு மட்டும் தெரிஞ்சா, ஒரே ஒரு வார்த்தை கேப்பேன். நேர்ல வந்து திட்டியிருக்கலாம்ல?" என்றாள்.

குழாயை மூடாமலே வந்துவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

சாக்கு ஓட்டம். பழனாத்தாளுக்குக் கோணிப்பைக்குள் காலை விட்டுக் குதித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். நிரஞ்சன், "ஸ்பிரிட் பாருங்க மேடம், இந்த வயசுல!" என்றார். அந்த ஆளை ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டினால் என்ன என்று தோன்றியது.

ஜூன் 22, சனி

பழனாத்தாள் வரவில்லை. ஆர்டர் நெருக்கடி. வேறு ஆளும் இல்லை. நானே வஞ்சிக்கு எதிரே உட்கார்ந்தேன். பெஞ்சை விட்டு ஆறு வருஷமாகிறது, ஆனாலும் விரல் மறக்கவில்லை. வஞ்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. தள்ளினாள், இழுத்தேன், திருப்பித் தள்ளினேன். மனசுக்குள் எண்ணினேன். இருபது வரை சுகமாகப் போனது. முப்பது தாண்டியதும் அவள் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. மறுபடி எண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

"நாற்பத்தெட்டு. கட்டு" என்றேன்.

"எனக்கு நாப்பத்தாறுங்" என்றாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். இருபத்திரண்டு வருஷம் வைண்டிங் செய்தவளுக்கு எண்ணத் தெரியாதா? உருவி, ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தேழு. இரண்டு பேருமே தப்பு.

என்னால் தாங்க முடியவில்லை. "சத்தமா எண்ணு!" என்று கத்தினேன். ஷெட்டே திரும்பிப் பார்த்தது.

"நோட்டீஸ் வந்தவளுக்கு இன்னொரு நோட்டீஸ் வாங்கித் தாரீங்களா?"

"நான் சொல்றேன்ல. எண்ணு!"

அவள் மெதுவாக "புள்ளையாரு" என்றாள். அவள் ஆரம்பித்ததால் ஒற்றை எண்கள் அவளுக்கு, இரட்டை எண்கள் எனக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பதினெட்டும் நாற்பத்தெட்டும் என் வாயால்தான் வர வேண்டும். பதினெட்டை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னேன். வஞ்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இருபத்திநாலில் "டீ" என்றபோது நாலாவது பெஞ்சிலிருந்து யாரோ "எனக்கு சக்கரை கம்மி" என்றார்கள். நாற்பது, கண்ணாடி. நாற்பத்தேழு, வஞ்சி பெருமூச்சு விட்டாள். எல்லோரும் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"கருணாக்கா!" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

முகத்தை நான் வேண்டுமென்று அப்படி வைக்கவில்லை. என் முகமே அப்படித்தான். ஷெட் அதிர்ந்தது. இரண்டரை வாரத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம். வஞ்சி மட்டும் சிரிக்கவில்லை, நூலை எடுத்துக் கட்டினாள்.

ஜூன் 24, திங்கள்

ஆறு பெஞ்சும் சத்தமாக எண்ணச் சொல்லிவிட்டேன். பதினோரு மணிக்கு நிரஞ்சன் ஓடி வந்தார்.

"மேடம், என்ன இது? கம்ப்ளெய்ன்ட் இருக்குல்ல? யாரோ ஒருத்தர் மனசு புண்பட்டு எழுதியிருக்காங்க. அவங்க ஃபீலிங்ஸ் முக்கியம் இல்லையா?"

"உங்க ஹோ ஹோவுக்குப் பழனாத்தா இடுப்பு போச்சே, அது ஃபீலிங்ஸ் இல்லையா? சிரிப்பு எங்ககிட்ட இருந்துதுங் சார். வேலையோட கோத்து வெச்சிருந்தோம். அதைப் புடுங்கிப் போட்டுட்டு, பலூனைக் கட்டிட்டு வந்து சிரி சிரின்னா யாரு சிரிப்பா?"

நன்றாகத்தான் கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் ரேக்குப் பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

நேற்றுக் கோத்த ஸ்டேட்டரில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சின்னராசு காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனான்.

ஓடினேன் தண்டபாணி சாரிடம். "பாருங்க சார், தப்பு வஞ்சி மேல இல்லை" என்றேன். அவர் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டார். கீழே என் கையெழுத்து. "நீங்க எழுதினதுதானே? கம்ப்ளெய்ன்ட் வந்தது, தடை போட்டோம். தடைக்கு அப்புறம் இவங்க கவனமா இல்லை, ரிஜெக்ட் ஆச்சு. பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. புகார் எழுதினவங்களே வந்து அது தப்புன்னு சொன்னா வேற விஷயம். பேர் இல்லாத கடுதாசிக்கு நான் எங்கே போறது?"

சொல்ல வாயைத் திறந்தேன். "வரேன் சார்" என்றுதான் வந்தது.

ஜூன் 26, புதன்

தண்ணீர் வந்தது. துணி துவைத்தேன். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன்.

ஜூன் 27, வியாழன்

வஞ்சி தன் சாப்பாட்டு டப்பா, ஸ்பூன், பழைய கத்தரி எல்லாவற்றையும் பையில் எடுத்து வைக்கிறாள். யாரும் கேட்காமலே, "சும்மா, சுத்தம் பண்றேன்" என்கிறாள். எண்ணும்போது மட்டும் குரல் பழையபடி வருகிறது.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மே மாசம் இதே எடத்துல உக்காந்து பச்சைப் பேனாவுல ரெண்டு பக்கம் எழுதுன. என்னன்னு கேட்டதுக்கு மளிகை லிஸ்ட்டுன்ன. மளிகை லிஸ்ட்டுக்கு யாராச்சும் அழுவாங்களா?" என்றார்.

"தெரிஞ்சே இத்தனை நாள் சும்மா இருந்தீங்களா?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். நாளைக்குக் கடைசி வெள்ளிக்கெழமை, ஆமா?"

எழுந்து போய்க் கை கழுவினேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆமாம், நான்தான் எழுதினேன். வஞ்சியை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி எழுதவில்லை. சிரிப்பதை நிறுத்தச் சொல்லி மட்டும்தான் எழுதினேன். அது நின்றால் என்னென்ன நிற்கும் என்று இருபத்திரண்டு வருஷம் பெஞ்சில் இருந்த எனக்குத் தெரியாதா? தெரியும். என் கோபத்துக்குத் தெரியவில்லை.

ஜூன் 28, வெள்ளி

நிறைவு விழா. கேன்டீன் முழுக்க மஞ்சள் பலூன். சூப்பர்வைசர்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து இந்த நோட்டிலிருந்து ஒரு மகிழ்ச்சியான விஷயம் வாசிக்க வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசர், "மேலாளரின் புன்னகை என் நாளுக்கு வெளிச்சம்" என்று வாசித்தார். கைதட்டல். தண்டபாணி சார் புன்னகைக்க முயன்றார்.

என் முறை வந்தது. மைக்கைக் கையில் வாங்கியதும் அது கொய்ங் என்று கத்தியது. நோட்டைத் திறந்து ஜூன் பதினொன்றாம் தேதியை வாசித்தேன். கம்பி ரேக்கு, வஞ்சி முறைத்தது, ஆதார் மெஷின், அழுதது எல்லாம். முதலில் சிரித்தார்கள், வேடிக்கைக்காக வாசிக்கிறேன் என்று நினைத்து. 'மனசோடு வைத்துக்கொண்டேன்' என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இது பொய். மனசோட வெச்சுக்கலை. பச்சைப் பேனாவுல எழுதி உங்க பெட்டியில போட்டது நான்தான். எண்ணறதை நிறுத்துனதாலதான் அத்தனை ஸ்டேட்டரும் போச்சு. அது தெரிஞ்சே, ரிப்போர்ட்டுல வஞ்சிக்கொடி பெஞ்சுன்னு மட்டும் எழுதிக் கொடுத்தேன். என் தப்புக்கு அவளை அனுப்பறீங்க. நோட்டீஸ் குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுங்க. ஹெட் ஆபீஸுக்கும் இதையே எழுதி அனுப்பறேன். இந்தத் தடவை அடியில பேர் போட்டு."

நிரஞ்சன் மைக்கை வாங்க வந்தார். கொடுக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு நானே வைத்தேன். யாரும் கை தட்டவில்லை. எங்கேயோ ஒரு பலூன் வெடித்தது. வைண்டிங் பெண்கள் ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. வஞ்சி எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, கேட்டைப் பார்த்து நடந்தாள்.

சந்தோஷம் மூன்று: எழுத முடியவில்லை.

ஜூன் 29, சனி

எட்டு மணிக்கே தண்டபாணி சார் கூப்பிட்டார். எனக்கு மெமோ, தவறான ரிப்போர்ட் கொடுத்ததற்காக. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். நான் ஹெட் ஆபீஸுக்கு எழுதுவேன் என்றதுதான் அவரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. சுற்றறிக்கையைப் போர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வஞ்சியின் நோட்டீஸ் ரத்து. பெர்மனன்ட் ஆர்டர் திங்கட்கிழமை காலையில் கைக்கு வரும். அந்தத் தாளில் கையெழுத்து விழுந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரூமை விட்டு வெளியே வந்தேன்.

ஷெட்டுக்குள் போனேன். வஞ்சி தன் பெஞ்சில் இருந்தாள். எதிரே பழனாத்தாள், இடுப்பில் பெல்ட்டோடு. யாரும் "வாங்க்கா" என்று சொல்லவில்லை. டீ வந்தபோது என் டம்ளரை யாரும் எடுத்து வைக்கவில்லை. நானே போய் எடுத்துக் குடித்தேன், ஆறிப்போயிருந்தது. சரி, இதுவும் வேண்டியதுதான் என்று ரேக்குப் பக்கம் போய் ஸ்டாக் எடுக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை ஒளிந்து நிற்கவில்லை. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நின்றேன்.

வஞ்சி பெஞ்சில் எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது. டீ. மாசக்கடைசி. கண்ணாடி. எனக்குக் கை வேலையில் நிற்கவில்லை. நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. வஞ்சி பெருமூச்சு விட்டாள். பழனாத்தாள் நாற்பத்தெட்டைச் சொல்ல வேண்டும். என் பெயரை எடுத்திருப்பார்கள், எனக்குத் தெரியும். எடுக்கட்டும்.

பழனாத்தாள் என்னைப் பார்த்தாள். வஞ்சியைப் பார்த்தாள்.

"கடுதாசி!" என்றாள்.

வஞ்சி கம்பியை விடாமலே, ஒரு கையால் காற்றில் பேனா பிடித்து விறுவிறுவென்று எழுதி, நாக்கால் எச்சில் தொட்டு உறையை ஒட்டி, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போடுகிற மாதிரி செய்தாள். புருவத்தில் அதே முடிச்சு. நேராக என்னைப் பார்த்துச் செய்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. ஹோ ஹோவும் இல்லை, ஹா ஹாவும் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரேக்கில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன். ஆறு பெஞ்சும் சேர்ந்து சிரித்தது. வஞ்சியும் சிரித்தாள், கொஞ்சம் கழித்து.

"தப்பு இல்லாமக் கட்டு" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கடுதாசி வந்தாத்தான் கட்டறமே!" என்றாள் அவள்.

திங்கட்கிழமை இந்த நோட்டைக் கொடுத்துவிடுவேன். ஒரு பக்கம்கூடக் கிழிக்கப் போவதில்லை. நிரஞ்சன் படிக்கட்டும், தண்டபாணி சாரும் ஹெட் ஆபீஸும் படிக்கட்டும். ஜூன் ஐந்தாம் தேதி எழுதாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் எழுதி முடித்துவிடுகிறேன்.

பதினெட்டு, தண்டபாணி சாரின் வழுக்கை.